வால்நட் க்ரோவுக்குப் போகும் வழி

வால்நட் க்ரோவில் மலை கிடையாது. ஊருக்குள் நுழைகிறவர்கள் முதலில் கவனிப்பது அதைத்தான். ‘லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரி’ தொடரின் முகப்புக் காட்சியை ஒரு தடவை பார்த்திருந்தால்கூட அந்தச் சரிவு மறக்காது. பூத்துக் கிடக்கும் புல்மேட்டில் மூன்று சிறுமிகள் ஓடி வருவார்கள், கடைக்குட்டி கால் இடறி விழுவாள், பின்னால் குன்றுகள் நீண்டு போகும். அந்தக் குன்றுகள் இருப்பது கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சல்ஸை அடுத்த சிமி வேலியின் பிக் ஸ்கை பண்ணையில். கதை நடப்பதாகச் சொல்லப்படும் மின்னசோட்டா மாநிலத்தின் தென்மேற்கு மூலையோ தட்டையான பூமி. ஜூலையில் போனால் சாலையின் இரண்டு பக்கமும் மக்காச்சோளமும் சோயாவும்தான். ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் தானியக் கிடங்கின் உயரமான உருளைகளும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியும் தெரிந்துவிடுகின்றன.

மினியாபொலிஸிலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரம். அக்கா குடும்பத்தோடு போனேன். கடைசிப் பகுதி முழுக்க 14ஆம் எண் நெடுஞ்சாலை. தொடரின் மூலக் கதைகளை எழுதிய லாரா இங்கல்ஸ் வைல்டர் பெயரையே அந்தச் சாலைக்கு வைத்திருக்கிறார்கள். வழியில் ஸ்லீப்பி ஐ என்ற ஊர் வருகிறது. தொடரில் இங்கல்ஸ் குடும்பத்தார் அடிக்கடி போய்வரும் பக்கத்து டவுன் அது. நிஜத்தில் வால்நட் க்ரோவிலிருந்து சுமார் 40 மைல். குதிரை வண்டியில் காலையில் போய் மாலையில் திரும்புகிற தூரம் இல்லை.

தொடரைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1974 மார்ச்சில் என்.பி.சி. இதன் முன்னோட்டப் படத்தை ஒளிபரப்பியது. செப்டம்பரில் தொடர் தொடங்கி 1983 வரை 9 பருவங்கள் ஓடியது. ‘பொனான்சா’வில் லிட்டில் ஜோவாகப் புகழ்பெற்ற மைக்கேல் லேண்டன்தான் இதில் அப்பா சார்ல்ஸ் இங்கல்ஸ், தயாரிப்பும், பல பகுதிகளின் எழுத்தும் இயக்கமும் அவரே. அம்மா கரோலினாக கேரன் கிராஸ்ல், இரண்டாவது மகள் லாராவாக மெலிசா கில்பர்ட். மேற்கத்தியக் கதை என்றால் துப்பாக்கியும் குதிரைத் துரத்தலும் மதுக்கடைச் சண்டையும் என்று பழகிப்போயிருந்த காலத்தில், ஒரு குடியானவக் குடும்பம் எப்படி ஒரு வருஷத்தைத் தள்ளுகிறது என்பதை மட்டும் வைத்து இவ்வளவு நீண்ட தொடரை எடுத்தார்கள். எதிரி என்று வருவது பெரும்பாலும் பயிர்ச்சேதம், காய்ச்சல், கடைக்காரரிடம் ஏறிய கடன் போன்றவைதான். குழந்தைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பார்க்கலாம். இந்தத் தொடரில் அப்பாவும் அழுவார். அது அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் புதிது.

இதற்கு மூலம் லாரா இங்கல்ஸ் வைல்டர் எழுதிய நாவல்கள். 1867இல் விஸ்கான்சின் காட்டில் பிறந்தவர். முதல் புத்தகம் 1932இல் வெளியானபோது அவருக்கு வயது 65. அமெரிக்கா பொருளாதார வீழ்ச்சியில் கிடந்த நேரம். கைப்பிடி மாவில் ரொட்டி சுட்டு, அப்பாவின் பிடில் இசையைக் கேட்டுக்கொண்டு தூங்கிய குழந்தைகளின் கதை அந்தத் தலைமுறைக்குத் தேவையாக இருந்தது. வால்நட் க்ரோவைப் பற்றிய புத்தகம் 1937இல் வந்தது. அதில் ஊரின் பெயரே கிடையாது. பிளம் ஓடை என்ற பெயர்தான் உண்டு.

அதனால் ஒரு விநோதம் நடந்திருக்கிறது. இங்கல்ஸ் குடும்பத்தின் வீடு இருந்த நிலத்தை வாங்கிப் பயிர் செய்துகொண்டிருந்த குடும்பத்துக்கே விஷயம் தெரியாது. புத்தகங்களுக்குப் புதிய படங்கள் வரைய ஒப்புக்கொண்ட ஓவியர் கார்த் வில்லியம்ஸ், 1947இல் இடங்களை நேரில் பார்க்கக் கிளம்பி, ஓடையைத் தேடி வந்து சொன்ன பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. இன்றும் அது தனியார் நிலம்தான். ஊருக்கு வடக்கே ஒன்றரை மைலில் பிரிகிறது பாதை. பெட்டியில் காருக்கு இவ்வளவு என்று சில டாலர்களைப் போட்டுவிட்டு நாமே உள்ளே போகலாம். கேட்க யாரும் நிற்பதில்லை.

ஓடை சின்னது. முழங்கால் அளவு தண்ணீர், சேறு கலந்த பழுப்பு நிறம், இரண்டு பக்கமும் மரங்கள். நடைப்பாலத்தைத் தாண்டி மேட்டில் ஏறினால் ஒரு பலகை. அதன் பக்கத்தில் கரையில் ஒரு பள்ளம், புல் மூடிக் கிடக்கிறது. அவ்வளவுதான். 1874இல் சார்ல்ஸ் இங்கல்ஸ் தன் மனைவியையும் மூன்று பெண்களையும் கூண்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கியது இந்தக் கரையைக் குடைந்த மண்வீட்டில். கூரை இடிந்து இறங்கி எத்தனையோ காலமாகிவிட்டது. “இவ்வளவு சின்ன இடத்துலயா மாமா அஞ்சு பேர் இருந்தாங்க?” என்று அக்கா மகள் கேட்டாள். பள்ளத்தைச் சுற்றி நடந்து பார்த்தாள். அவள் தொடரில் பார்த்தது மாடி அறையும் கண்ணாடி ஜன்னலும் உள்ள மரவீடு.

மரவீடும் பிறகு வந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொடர் இங்குதான் வரலாற்றிலிருந்து விலகுகிறது. அறுவடை வந்ததும் தந்துவிடலாம் என்று, வளர்ந்து நிற்கும் கோதுமையை நம்பி, அறுத்த பலகைகளைக் கடனுக்கு வாங்கி சார்ல்ஸ் வீடு கட்டினார். 1875இல் வெட்டுக்கிளிகள் வந்தன. ராக்கி மலை வெட்டுக்கிளி என்ற இனம். 1873 முதல் 1877 வரை மின்னசோட்டாவை அவை விடவில்லை. அதே 1875இல் நெப்ராஸ்காவைக் கடந்துபோன ஒரு கூட்டத்தை ஆல்பர்ட் சைல்ட் என்ற மருத்துவர் கணக்கிட்டார்: அகலம் 110 மைல், நீளம் 1,800 மைல். கோதுமையைத் தின்றன, தோட்டத்தைத் தின்றன, புல்லைத் தின்றன, கிளம்பும் முன் மண்ணில் முட்டை இட்டுவிட்டுப் போயின. அடுத்த வசந்தத்தில் குஞ்சுகள் மண்ணிலிருந்து கிளம்பி அந்த வருஷத்துப் பயிரையும் முடித்தன. ஆளுநர் ஜான் பில்ஸ்பரி 1877 ஏப்ரலில் ஒரு நாளைப் பிரார்த்தனை நாளாக அறிவித்தார். இவ்வளவு பெருகிய இனம் கால் நூற்றாண்டில் இல்லாமலே போய்விட்டது. உயிரோடு கடைசியாகப் பிடிபட்டது 1902இல்.

தொடரில் வெட்டுக்கிளி இடத்தில் ஆலங்கட்டி மழை வருகிறது. முதல் பருவத்திலேயே, அறுவடைக்குத் தயாரான கோதுமை ஒரே இரவில் விழுந்துவிட, சார்ல்ஸ் வேலை தேடி நடந்தே போகிறார், கல் உடைக்கும் இடத்தில் வெடி வைக்கும் வேலை பார்க்கிறார், பணத்தோடு வீடு திரும்புகிறார். நல்ல கதை. நிஜமான சார்ல்ஸும் கிழக்கே அறுவடைக் கூலிக்கு நடந்தே போனார். ஆனால் திரும்பி வந்த பிறகும் போதவில்லை. 1875 நவம்பரில், தன்னிடம் எதுவுமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு, அரசு நிவாரணமாக இரண்டு அரைப்பீப்பாய் மாவை வாங்கிக்கொண்டார். லாரா இதைத் தன் நாவல்களில் எழுதவில்லை. யாரிடமும் கை நீட்டாத குடும்பம் என்றுதான் புத்தகத்திலும் திரையிலும் அவர்களை நாம் பார்க்கிறோம். அந்தக் கையெழுத்தைப் பற்றிப் படித்த பிறகு சார்ல்ஸ் மீது எனக்கு மதிப்பு கூடியது. குழந்தைகளுக்காக அந்த மனிதர் எதை விழுங்கிக்கொண்டார் என்பது அதில் தெரிகிறது.

அதே நவம்பரில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. பெயர் சார்ல்ஸ் ஃபிரெடரிக். ஒன்பது மாதம்தான் இருந்தான். 1876இல் ஊரைக் காலி செய்துகொண்டு கிழக்கே போகிற வழியில் இறந்துபோனான். பிறகு அயோவாவின் பர் ஓக்கில் ஒரு விடுதியில் வேலை. அங்கிருந்து வாடகைத் தகராறில் இரவோடு இரவாகக் கிளம்பியது. 1877இல் மீண்டும் வால்நட் க்ரோவ். 1879இல் மூத்தவள் மேரிக்குக் கண் பார்வை போனது. பர் ஓக் காலம் முழுவதையும் லாரா புத்தகங்களிலிருந்து நீக்கிவிட்டார், தம்பியையும் சேர்த்து. அந்தக் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்தது தொலைக்காட்சிதான். முதல் பருவத்தில் தம்பி இறந்ததற்குத் தானே காரணம் என்று நினைத்துக்கொண்டு லாரா மலையேறிப் போகும் கதை, சம்பவங்கள் கற்பனை என்றாலும், தொடரின் மிகச் சிறந்தவற்றில் ஒன்று என்பேன். எழுத்தாளர் தன் புத்தகங்களில் சொல்லாமல் விட்ட துக்கத்துக்கு அங்கே ஒரு இடம் கிடைத்தது.

மற்றபடி தொடர் தன் போக்கில் போனது. திரையில் மேரிக்குக் கல்யாணம் ஆகிறது. நிஜத்தில் அவர் அயோவாவின் பார்வையற்றோர் கல்லூரியில் படித்துவிட்டு, மணமாகாமலே 1928 வரை வாழ்ந்தார். ஆல்பர்ட் என்ற வளர்ப்பு மகன் முழுக் கற்பனை. லாராவின் கணவர் அல்மான்சோ வால்நட் க்ரோவில் வாழ்ந்தவரே அல்ல. நெல்லி ஓல்சன் என்ற அந்தப் பொல்லாத சிறுமி, லாரா சந்தித்த மூன்று பெண்களைச் சேர்த்துச் செய்த பாத்திரம். அதில் ஒருத்தி உண்மையாகவே வால்நட் க்ரோவ் கடைக்காரர் மகள்.

ஊரின் அருங்காட்சியகம் வரலாறு, தொடர் இரண்டையும் ஒன்றாகவே வைத்திருக்கிறது. 1898இல் கட்டிய ரயில் நிலையக் கட்டடம், சின்னஞ்சிறு தேவாலயம், மண்வீட்டின் மாதிரி, இவற்றோடு தொடரில் இங்கல்ஸ் வீட்டில் இருந்த கணப்பின் மேல்தட்டு. வருகிறவர்கள் அந்தத் தட்டின் முன்னால்தான் அதிக நேரம் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு வயதான அம்மாள் அதைத் தொட முடியாமல் கையை நீட்டி நீட்டி மடக்கிக்கொண்டார். ஊர் லூத்தரன் தேவாலயத்தில் தொங்கும் மணி, சார்ல்ஸ் தன் பூட்ஸுக்கு வைத்திருந்த பணத்தைக் கொடுத்து வாங்க உதவிய அதே மணி என்கிறார்கள்.

ஜூலையில் மூன்று வார இறுதிகளில் ஓடைக் கரையில் திறந்தவெளி நாடகம் நடக்கிறது. 1978 முதல் நடத்துகிறார்கள். நடிப்பவர்கள் சுற்று வட்டாரத்து மக்கள், சம்பளம் கிடையாது. நாமே மடக்கு நாற்காலி கொண்டுபோய்ச் சரிவில் போட்டுக்கொள்ளலாம். நிஜ ஓடை பக்கத்தில் ஓட, கூண்டு வண்டி குதிரையோடு மேடைக்கு வருகிறது. நடிகர்கள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், வசனத்தை உரக்கச் சொல்லப் பாடுபடுகிறார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை.

ஆனால் வால்நட் க்ரோவில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறு. சுமார் 750 பேர் வசிக்கும் இந்த ஊரின் மக்களில் பெரும் பங்கினர் ஹமாங் இனத்தவர். லாவோஸ் மலைகளைச் சேர்ந்தவர்கள். வியட்நாம் போரின்போது சி.ஐ.ஏ.வுடன் சேர்ந்து ரகசியப் போர் நடத்தி, 1975இல் கைவிடப்பட்டு, மேகாங் நதியைக் கடந்து தாய்லாந்து முகாம்களில் கிடந்து, பிறகு அமெரிக்கா வந்தவர்கள். மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரம் அவர்களுடைய பெரிய மையம். 2000ஆம் ஆண்டையொட்டி, நகரத்து நெருக்கடியிலிருந்து பிள்ளைகளை விலக்கி வளர்க்க நினைத்த ஒரு தகப்பனார் சிற்றூர் தேடினார். தொலைக்காட்சியில் இந்தத் தொடரைப் பார்த்து மயங்கிய அவர் மகள் வால்நட் க்ரோவ் பெயரைச் சொன்னாள். ஒரு குடும்பம் வந்தது, உறவுகள் வந்தன. காலியாகக் கிடந்த வீடுகளில் விளக்கு எரிந்தது, வற்றிக்கொண்டிருந்த பள்ளிக்குப் பிள்ளைகள் கிடைத்தார்கள். சுற்று ஊர்களின் இறைச்சி ஆலைகளில் வேலை. வீட்டுக்குப் பின்னால் காய்கறித் தோட்டம். ஊரில் ஹமாங் மளிகைக் கடை இருக்கிறது. மிளகாயும் அரிசி மூட்டையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, எதிரே தெருவில் லாராவின் பெயர்ப் பலகை.

கலிபோர்னியக் குன்றில் அட்டையும் பலகையுமாகக் கட்டிய ஓர் ஊர், நிஜ ஊருக்கு ஆள் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. அந்தக் கட்டிய ஊரின் முடிவும் சொல்ல வேண்டியது. படப்பிடிப்பு முடிந்ததும் பண்ணை நிலத்தைப் பழையபடி ஒப்படைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். லேண்டன் அதையே கதையாக எழுதினார். நிலம் முழுக்கத் தன்னுடையது என்று ஒரு முதலாளி வந்து நிற்கிறான். கட்டியதையெல்லாம் அவனுக்கு விட்டுக்கொடுப்பதற்குப் பதிலாக, ஊர்மக்கள் தங்கள் வீடுகளைத் தாங்களே ஒவ்வொன்றாக வெடிவைத்துத் தகர்க்கிறார்கள். தொடர் முடிந்த பின், 1984 பிப்ரவரியில் அது ஒளிபரப்பானது. தேவாலயத்தையும் இங்கல்ஸ் வீட்டையும் மட்டும் விட்டுவைத்தார்கள். நிலம் யாருடையது, அதைக் கட்டியெழுப்பியவருக்கா, பத்திரம் வைத்திருப்பவனுக்கா என்ற கேள்வியை அந்தக் கடைசிக் கதை நேராகக் கேட்கிறது. அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. அதைத் தொடர் கேட்கவில்லை என்றே சொல்வேன்.

வால்நட் க்ரோவிலிருந்து மேற்கே அதே 14ஆம் எண் சாலையில் இரண்டு மணி நேரம் போனால் தெற்கு டகோட்டாவின் டி ஸ்மெட். 1879இல் குடும்பம் கடைசியாக வந்து சேர்ந்த ஊர் இது. ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம் என்ற ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி சார்ல்ஸ் இங்கே நிலம் எடுத்தார். மனைவிக்கும், பிறகு பிறந்த கிரேஸையும் சேர்த்து நான்கு மகள்களுக்கும் ஆளுக்கொன்றாக அவர் நட்ட ஐந்து காட்டன்வுட் மரங்களின் தோப்பைக் காட்டுகிறார்கள். 1880-81 குளிர்காலத்தில் அக்டோபரிலேயே பனிப்புயல் தொடங்கியது. ஜனவரிக்குப் பிறகு ரயில் வரவில்லை. விறகுக்குப் பதில் காய்ந்த புல்லை முறுக்கிக் கட்டி எரித்தார்கள், விதைக் கோதுமையைக் காப்பிக்கொட்டை அரைக்கும் கைமிஷினில் அரைத்து ரொட்டி சுட்டார்கள். 1940இல் வந்த ‘த லாங் வின்டர்’ அந்தக் குளிர்காலத்தின் கதை. லாரா எழுதியவற்றில் நான் முதலிடம் தருவது அதற்குத்தான். தொடர் அதைத் தொடவே இல்லை என்பது எனக்கு இன்றும் குறைதான். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சார்ல்ஸ், கரோலின், மகள்கள் மேரி, கேரி, கிரேஸ் எல்லோரும் இருக்கிறார்கள். லாரா மட்டும் மிசௌரியின் மான்ஸ்ஃபீல்டில். 1957இல், 90 வயதில் இறந்தார்.

திரும்பும்போது மேன்கேட்டோ வழியாக வந்தோம். தொடரில் பெரிய டவுன் என்று அடிக்கடி காதில் விழும் பெயர். நூலகத்துக்கு எதிரே, ரயில் பாதையை ஒட்டி ஒரு சிறு பூங்கா. அங்கே தோல் சுருளைப் போல அமைத்த பெரிய நினைவுச் சின்னத்தில் 38 பெயர்கள். 1862இல், ஒப்பந்தப்படி வரவேண்டிய பணமும் உணவும் வராமல் பட்டினி கிடந்த டகோட்டா மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். குடியேறிகள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். போர் முடிந்ததும் ராணுவ விசாரணை 303 பேருக்கு மரண தண்டனை விதித்தது. லிங்கன் பட்டியலைக் குறைத்தார். டிசம்பர் 26 அன்று 38 பேரை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். மறு ஆண்டு டகோட்டா மக்கள் மின்னசோட்டாவை விட்டே துரத்தப்பட்டார்கள். ஹோம்ஸ்டெட் சட்டத்தில் அதே லிங்கன் கையெழுத்திட்டது அதே 1862 மே மாதத்தில். பதினொரு வருஷம் கழித்து வால்நட் க்ரோவுக்கு ரயில் வந்தது, மறு வருஷம் இங்கல்ஸ் குடும்பத்தின் கூண்டு வண்டி பிளம் ஓடைக்கு வந்து சேர்ந்தது.

அதற்கு முன் குடும்பம் குடியிருந்த கான்சாஸிலும் இதுவே நடந்தது. தொடருக்குப் பெயர் கொடுத்த புல்வெளி வீடு, ஓசேஜ் மக்களுக்குச் சட்டப்படி உரிமையான நிலத்தில் சார்ல்ஸ் அத்துமீறிக் கட்டியது. 1935இல் வந்த அந்தப் புத்தகத்தில், அங்கே மனிதர்களே இல்லை, செவ்விந்தியர்கள் மட்டுமே இருந்தார்கள் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. 1952இல் ஒரு வாசகர் எழுதிக் கேட்ட பிறகுதான் மாற்றினார்கள். லாரா வருந்தி ஒப்புக்கொண்டார். 2018இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழந்தைகள் பிரிவு, அவர் பெயரில் இருந்த விருதின் பெயரையே மாற்றியது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இந்தப் புத்தகங்களையும் தொடரையும் குழந்தைகளிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. வறுமையில் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வது எப்படி என்று இவ்வளவு பொறுமையாகக் காட்டிய தொடர்கள் குறைவு. அதில் சார்ல்ஸ் படும் பாடு உண்மை. யாரை அகற்றிய நிலத்தில் அவர் பாடுபட்டார் என்பதும் உண்மை. பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டையும் சொல்லலாம், புரிந்துகொள்கிறார்கள்.

இந்தத் தொடரைப் புதிதாக எடுக்கப்போவதாக நெட்ஃபிளிக்ஸ் 2025இல் அறிவித்தது. அதைப் பார்த்துவிட்டு இந்தச் சாலையில் வரப்போகும் குடும்பங்கள் நிறைய இருக்கும். வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாடகம் பார்க்க வேண்டுமானால் ஜூலையில் வாருங்கள். அருங்காட்சியகம் கோடையை ஒட்டித்தான் திறந்திருக்கும். டி ஸ்மெட்டுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் மேன்கேட்டோவில் காரை நிறுத்தி, பிள்ளைகளோடு இறங்கி அந்த 38 பெயர்களையும் படியுங்கள். அதற்கு அரை மணி நேரம் போதும்.